முன்னச்சுத் தளங்களும் தானியங்கிச் சல்லடையும்: அதங்கோட்டாசான் முதல் ஆர்க்கைவ் வரை

அறிவியல் கட்டுரை ஒன்றை ஆய்விதழ் ஏற்றுக்கொள்வதற்கு முன்பே, எழுதியவர் அதை எல்லோரும் படிக்கும்படி பொதுவில் வைப்பதுண்டு. அந்த வரைவு முன்னச்சு எனப்படுகிறது. கல்லூரிகளில் பிரீபிரிண்ட் என்ற ஆங்கிலச் சொல்லே புழங்குகிறது. இத்தகைய வரைவுகளைச் சேர்த்து வைக்கும் இணையத்தளங்களில் மிகப் பழையதும் மிகப் பெரியவற்றுள் ஒன்றும் ஆர்க்கைவ். ஆய்விதழ்களைப்போல இத்தளங்களில் நடுவர் குழு அமர்ந்து கட்டுரையைச் சோதிப்பதில்லை. அதற்காக வருவதையெல்லாம் அவை வெளியிடுவதுமில்லை. நடுவே ஒரு சல்லடை உண்டு. அதில் முதலில் அசைவது இன்று கணினி நிரல். பெரிய ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்கள் அப்படி ஒன்று இருப்பதையே உணர்வதில்லை. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு மாலையில் ஆய்வு செய்பவருக்கு அது கண்ணில் படும்.

அதங்கோட்டாசானும் சங்கப்பலகையும்

ஒரு நூல் வெளியாகும் முன் சோதிக்கப்பட்டதற்குத் தமிழ் மரபில் உள்ள மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரத்தில் இருக்கிறது. அதை எழுதியவர் பனம்பாரனார். பாண்டியன் அவையில் தொல்காப்பியம் அரங்கேறியது என்றும், அதங்கோட்டாசானுக்கு அது குற்றமற ஆராய்ந்து கூறப்பட்டது என்றும் அது சொல்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு பகுதியில் இன்றும் அதங்கோடு என்ற ஊர் உள்ளது. ஆசானின் ஊர் அதுவே என்பது இம்மாவட்ட ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஊர்ப்பெயரின் ஒற்றுமைதான் இதற்கு முதன்மையான சான்று. அது வலுவான சான்று அல்ல. ஆனால் மறுப்பதற்கும் வலுவான காரணம் ஏதுமில்லை.

பாயிரத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். தொல்காப்பியர்மீது சினம் கொண்டிருந்த அகத்தியர், அவருடைய நூலைக் கேட்க வேண்டாம் என்று அதங்கோட்டாசானிடம் கூறினார். தொல்காப்பியரோ கேட்டே ஆகவேண்டும் என்று பலமுறை வேண்டினார். இருவரையும் பகைக்க விரும்பாத ஆசான் ஒரு வழி கண்டார். நூலைக் கேட்பது, ஆனால் ஒவ்வொரு இடத்திலும் குற்றம் சொல்வது. அவர் குற்றம் சொல்லச் சொல்லத் தொல்காப்பியர் விடை கூறினார். கடைசியில் நூல் நின்றது.

இன்றைய ஆய்விதழ் எதுவும் அதங்கோட்டாசானை நடுவராக ஏற்காது. நூலாசிரியரும் நடுவரும் ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள். அந்த ஆசிரியரே நூலுக்கு எதிராக இருக்கிறார். நடுவர் குற்றம் காண்பது என்று முடிவு செய்துகொண்டுதான் அவையில் அமர்கிறார். இத்தனைக்கும் பிறகு அந்த முறை பலன் தந்ததற்குக் காரணம், சொல்லப்பட்ட குற்றம் எதுவென்று ஆசிரியருக்குத் தெரிந்தது, அதற்கு மறுமொழி சொல்ல அவருக்கு இடமிருந்தது என்பதே.

இதற்கு நேர் எதிரான ஒரு சோதனையும் தமிழ் மரபில் உண்டு. திருவிளையாடற் புராணம் கூறும் சங்கப்பலகை. சொக்கநாதர் அருளிய அந்தப் பலகை தகுதியுள்ள புலவருக்கு நீண்டு இடம் கொடுக்கும், தகுதியற்றவருக்குக் கொடுக்காது. அவையோர் தமக்குள் சண்டையிட வேண்டியதில்லை. யாருக்கும் மனவருத்தம் வராது, ஏனென்றால் முடிவெடுத்தது மனிதர் அல்ல. ஆனால் பலகை காரணம் சொல்லாது. இடம் கிடைக்காதவர் எந்த அடியில் பிழை செய்தார் என்பதை அறியாமலேயே ஊர் திரும்ப வேண்டியதுதான். முன்னச்சுத் தளங்களின் வரலாற்றை, ஆசானிடமிருந்து பலகைக்கு நகர்ந்த வரலாறு என்று சுருக்கிச் சொல்லலாம்.

தபாலில் வந்த முன்னச்சு

இணையத்துக்கு முன்பே முன்னச்சு இருந்தது. துகள் இயற்பியலாளர்கள் தம் கட்டுரையைத் தட்டச்சு செய்து, படியெடுத்து, உலகின் முக்கிய நிறுவனங்களுக்குத் தபாலில் அனுப்புவார்கள். ஆய்விதழில் வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் உண்மையான ஆய்வு உரையாடல் இந்தத் தபால் கட்டுகளில்தான் நடந்தது. யாருக்கு அனுப்புவது என்பதை அனுப்புபவரே முடிவு செய்தார். முகவரிப் பட்டியலில் பெயர் இருப்பவருக்குக் கிடைக்கும், மற்றவர்களுக்கு இல்லை. அதுவும் ஒரு சல்லடைதான். அது சலித்தது வாசகர்களை.

சென்னையில் 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் முயற்சியில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுபோன்ற சில இடங்கள் பட்டியலுக்குள் இருந்தன. அங்கும் கட்டுகள் தாமதமாகவே வந்தன. மாவட்டத் தலைநகரங்களின் கல்லூரி நூலகங்கள் அந்தப் பட்டியலில் வரவே வாய்ப்பில்லை.

1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் ஒரு கணினியில் தானியங்கி அஞ்சல் சேவையை அமைத்தார். கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்பினால் அது சேமிக்கப்படும், கேட்பவருக்கு அனுப்பப்படும். கோட்பாட்டு உயர் ஆற்றல் இயற்பியலுக்கு மட்டும், ஆண்டுக்கு நூறு கட்டுரை அளவில் வரும் என்ற எதிர்பார்ப்பில் தொடங்கியது அது. பிறகு இயற்பியலின் மற்றப் பிரிவுகள், கணிதம், கணினியியல் எனப் பரவியது. 2001-ல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. 2020-களில் மாதத்துக்கு 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் வருகின்றன.

இதன் இந்தியப் பிரதித் தளம் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் இயங்கியது. வெளிநாட்டு இணைப்பு மெதுவாக இருந்த காலத்தில் நாட்டுக்குள்ளேயே ஒரு நகல் இருந்தது பெரிய உதவி. இணைய இணைப்புள்ள எந்தக் கல்லூரியிலிருந்தும், நியூஜெர்சியில் ஒருவர் நேற்று எழுதியதை இன்று படிக்க முடிந்தது. தபால் காலத்து ஏற்றத்தாழ்வில் பாதி அன்று முடிந்தது. படிப்பதில் எல்லோரும் சமம். எழுதுவதில் என்ன ஆயிற்று என்பதுதான் மீதிக் கதை.

சல்லடை உருவான விதம்

தொடக்கத்தில் ஒருவரையொருவர் அறிந்த சிறு குழு என்பதால் காவல் தேவைப்படவில்லை. இணையம் பரவியதும் ஐன்ஸ்டைன் தவறு என்று நிறுவுபவர்களும், பழைய கணிதப் புதிர்களை இரண்டு பக்கத்தில் தீர்த்துவிட்டதாக நம்புபவர்களும் வந்தார்கள். 2004 ஜனவரியில் ஆர்க்கைவ் பரிந்துரை முறையைக் கொண்டுவந்தது. புதிதாக ஒரு துறையில் கட்டுரை இடுபவருக்கு, அத்துறையில் ஏற்கெனவே கட்டுரைகள் இட்ட ஒருவர் பரிந்துரை அளிக்க வேண்டும். அறியப்பட்ட ஆய்வு நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரி உடையவர்களுக்கு 2026 ஜனவரி வரை இந்தத் தடை பல சமயம் தானாகவே விலகியது. பரிந்துரை என்பது கட்டுரை சரி என்ற சான்று அல்ல என்று தளமே தெளிவாகச் சொன்னது. எழுதியவர் இந்தச் சமூகத்தோடு தொடர்புடையவர் என்பதற்கு மட்டுமே அது சான்று.

அடுத்த அடுக்கு தன்னார்வ மட்டுறுத்துநர்கள். ஒவ்வொரு துறைக்கும் சிலர் அன்றாடம் வந்தவற்றைப் பார்க்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஒரு கட்டுரைக்குச் சில நிமிடங்கள். அவர்களின் சுமையைக் குறைக்கவே வகைப்படுத்தும் நிரல் வந்தது. அந்நிரல் ஒரு கட்டுரையின் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, ஏற்கெனவே சேமிப்பில் உள்ள லட்சக்கணக்கான கட்டுரைகளோடு ஒப்பிடுகிறது. எந்தத் துறையின் சாயல் அதில் இருக்கிறது, ஆசிரியர் சொன்ன துறையோடு அது பொருந்துகிறதா, எதனோடும் பொருந்தாமல் தனித்து நிற்கிறதா என்று பார்க்கிறது. பொருந்தாதவை நிறுத்திவைக்கப்பட்டு மனிதர் பார்வைக்குச் செல்கின்றன. 2011 முதல், பிற கட்டுரைகளிலிருந்து நீண்ட பகுதிகளை அப்படியே எடுத்திருந்தால் அதைக் கண்டுபிடித்துக் குறிப்பிடும் நிரலும் இயங்குகிறது.

இந்த நிரலின் கூர்மையைக் காட்ட ஒரு நிகழ்வைச் சொல்லலாம். 2005-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர் சைஜென் என்ற நிரலை எழுதினார்கள். பொத்தானை அழுத்தினால் பொருளற்ற கணினியியல் கட்டுரை ஒன்றை வரைபடங்களுடன் அது தரும். ஒரு மாநாடு அதில் ஒன்றை ஏற்றுக்கொண்டது. அது கேலி. ஆனால் பிறர் அதைப் பயன்படுத்தித் தம் பெயருக்குக் கட்டுரைகளைச் சேர்த்தார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் சிரில் லபே சுட்டிக்காட்டியபின் 2014-ல் ஸ்பிரிங்கர், ஐ.இ.இ.இ. ஆகிய பதிப்பகங்கள் 120-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை நீக்கின. ஆர்க்கைவின் நிரலால் இத்தகைய கட்டுரைகளை எளிதில் பிரித்தெடுக்க முடிகிறது என்று கின்ஸ்பார்க் அதே ஆண்டு காட்டினார்.

அதற்கு உதவியவை கலைச்சொற்கள் அல்ல. ஆங்கிலத்தின் மிகச் சாதாரணமான இணைப்புச் சொற்கள். தமிழிலக்கணம் இடைச்சொல் என்று அழைக்கும் வகைக்கு அருகில் வருபவை. தொல்காப்பியம் இவற்றுக்கென ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறது. பெயரையும் வினையையும் சார்ந்தே இவை இயங்கும், தனித்து இயங்கா என்பது அதன் கருத்து. ஒருவர் எழுதும்போது இச்சொற்களை எண்ணிப் பயன்படுத்துவதில்லை. ஆகவே அவற்றின் விகிதம் எழுதுபவர் எந்த எழுத்துச் சூழலில் வளர்ந்தவர் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. பொய்க்கட்டுரையில் கலைச்சொற்கள் சரியாக இருந்தன. இடைச்சொற்களின் விகிதம் பிசகியிருந்தது.

சல்லடையில் விழுந்தவை

இதே காரணத்தால், சூழலில் வளர்ந்தவர் செய்யும் பிழை நிரலின் கண்ணில் படாது. 2018 ஜூலையில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இரு ஆய்வாளர்கள், தங்க அணியில் பதிந்த வெள்ளி நுண்துகள்கள் 236 கெல்வின் வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்திலேயே மீக்கடத்தியாகின்றன என்று ஆர்க்கைவில் கட்டுரை இட்டார்கள். உண்மையென்றால் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. துறையின் நடையில் எழுதப்பட்ட, அறியப்பட்ட நிறுவனத்திலிருந்து வந்த கட்டுரை. சல்லடை அதைத் தடுக்கக் காரணமே இல்லை. அடுத்த மாதம் எம்.ஐ.டி.யின் பிரயன் ஸ்கின்னர் அதன் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். வெவ்வேறு அளவீடுகளைக் குறிக்கும் இரண்டு கோடுகளில், தற்செயலாக அமையவேண்டிய சிறு ஏற்ற இறக்கங்கள் ஒன்றுபோலவே இருந்தன. அதை அவர் ஆர்க்கைவிலேயே எழுதினார். ஆய்வாளர்கள் 2019-ல் கூடுதல் தரவுகளுடன் திருத்திய வடிவை வெளியிட்டார்கள். இயற்பியல் உலகம் அந்த முடிவை இதுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

உயிரியலில் இது இன்னும் ஆபத்தானது. 2020 ஜனவரி 31 அன்று, டெல்லியின் ஆய்வாளர் குழு ஒன்று புதிய கொரோனா வைரஸின் புரதத்தில் எச்.ஐ.வி.யை ஒத்த பகுதிகள் இருப்பதாகப் பயோஆர்க்கைவ் தளத்தில் கட்டுரை இட்டது. வைரஸ் செயற்கையாக உருவாக்கப்பட்டது என்ற வதந்திக்கு அது உடனே தீனியானது. அந்தக் குறுந்தொடர்கள் பல உயிர்களிலும் காணப்படுபவை என்று பிற ஆய்வாளர்கள் சில மணிநேரங்களிலேயே காட்டினார்கள். பிப்ரவரி 2-ல் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டு நாளில் திருத்தப்பட்டது என்பது முன்னச்சு முறையின் வெற்றி. ஆனால் திரும்பப் பெற்ற செய்தி வதந்தி சென்ற தொலைவு செல்லவில்லை.

இரு இடங்களிலும் பிழையைக் கண்டது, கட்டுரையைப் படித்துக் கேள்வி கேட்ட மனிதர்.

சல்லடை தடுத்தவை

மறுபக்கத்தை அளப்பது கடினம். தடுக்கப்பட்டவை வெளியே தெரிவதில்லை. பெயர் பெற்றவர்கள் குரல் எழுப்பும்போது மட்டும் சில தெரியவருகின்றன. 1973-ல் நோபல் பரிசு பெற்ற பிரயன் ஜோசப்சன் ஆர்க்கைவின் தடைகளை வெளிப்படையாக எதிர்த்தார். ஜெனீவாவின் இயற்பியலாளர் நிக்கோலா ஜிசான், தம் மாணவர் இருவரின் கட்டுரைகள் மறுக்கப்பட்டபோது எழுப்பிய சர்ச்சை 2016-ல் செய்தியானது. மறுப்பைவிட, அதற்குத் தெளிவான காரணம் கிடைக்காததே அவரை வருத்தியது. 2009-ல் பிலிப் கிப்ஸ் என்பவர் ஆர்க்கைவின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப்போட்டு விக்ஸ்ரா என்ற தளத்தைத் தொடங்கினார். அங்கே சல்லடையே இல்லை. விளைவாக, அங்கு நல்ல கட்டுரை ஒன்று வந்தாலும் தேடிப் படிக்க யாரும் போவதில்லை. சல்லடைக்கு வாதாடுபவர்களுக்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

இந்தப் பேச்சு வந்தாலே ராமானுஜன் பெயர் வரும். ஹார்டிக்கு முன் கேம்பிரிட்ஜின் பேக்கரும் ஹாப்சனும் அவரைப் பொருட்படுத்தவில்லை என்பது பலர் அறிந்தது. 1912-ல் லண்டனின் எம்.ஜே.எம். ஹில் எழுதிய பதில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விரிதொடர்களைக் கையாள்வதில் ராமானுஜன் தடுக்கி விழுந்திருக்கிறார் என்று அவர் எழுதி, படிக்கவேண்டிய நூலையும் சொன்னார். அது மறுப்புதான். ஆனால் எங்கே தவறு என்று சொன்ன மறுப்பு. 1913-ல் ஹார்டியும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை, நிறுவல்களைக் கேட்டு எழுதினார். நிறுவல் இல்லாமல், பழைய பாடநூல் ஒன்றின் நடையில், சூத்திரங்களாக அடுக்கிய அந்தக் கடிதத்தை இன்றைய வகைப்படுத்தும் நிரலிடம் கொடுத்தால் அது எதனோடும் பொருந்தாத ஒன்றாகவே நிற்கும்.

மேதைகள் அரிது. அன்றாடம் பாதிக்கப்படுவது சாதாரண ஆய்வாளர், அதுவும் மொழியால். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் பொய்க்கட்டுரையின் இடைச்சொற்கள் பிசகுவது நின்றுபோயிற்று. இயந்திரம் இப்போது துறையின் நடையில் தங்குதடையின்றி எழுதுகிறது. 2024-ல் வெளிவந்த உயிர்மருத்துவக் கட்டுரைச் சுருக்கங்களில் குறைந்தது 13.5 சதவீதம் இயந்திரம் தொட்டவை என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதைப் பிடிக்கப் புதிய நிரல்கள் வந்தன. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அத்தகைய ஏழு நிரல்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை அவை இயந்திரம் எழுதியது என்றன. குறைந்த சொல்வளம், எளிய வாக்கியம் இவையே இயந்திரத்தின் அடையாளம் என்று அந்நிரல்கள் எடுத்துக்கொண்டிருந்தன. தமிழ்வழிப் பள்ளியில் படித்து, ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் மாணவரின் நடையும் அப்படித்தான் இருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து

ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893-லும் தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952-லும் தொடங்கியவை. 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபின் மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகள் அதன் இணைப்பில் இயங்குகின்றன. முனைவர் பட்ட ஆய்வு நடக்கும் இடங்கள் இவை. ஆனால் இங்குள்ளவர்களை எந்தச் சல்லடை அதிகம் பாதித்தது என்றால், ஆர்க்கைவைவிட முதலில் சொல்லவேண்டியது பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலை.

பதவி உயர்வுக்கு வெளியீடுகளை எண்ணும் முறை 2010-ல் வந்தபோது, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் முளைத்தன. அவற்றைத் தடுக்க மானியக் குழு 2017-ல் ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பட்டியலிலேயே போலிகள் மலிந்திருந்தன. பூஷண் பட்வர்தன் குழுவினர் 2018-ல் கரண்ட் சயின்ஸ் இதழில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களில் அவர்கள் சோதித்தவற்றுள் 88 சதவீதம் தரமற்றவை. அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. பிறகு கேர் என்ற புதிய பட்டியல் வந்தது. 2025-ல் அதுவும் கைவிடப்பட்டு, தரத்தை முடிவு செய்யும் பொறுப்பு நிறுவனங்களிடமே விடப்பட்டது. கட்டுரையை யாரும் படிக்காமல், அது வந்த இதழின் பெயரை வைத்து மதிப்பிடும் முயற்சி எட்டு ஆண்டு ஓடி ஓய்ந்தது.

இந்தச் சூழலில் முன்னச்சு ஒரு மாற்றுவழி. பணம் வேண்டாம், நாள் பதிவாகிவிடும், உலகம் படிக்கும். ஆனால் கல்லூரிக்குச் சொந்த மின்னஞ்சல் முகவரி இல்லாமல் ஜிமெயில் முகவரியில் எழுதும் ஆசிரியருக்குப் பரிந்துரை வேண்டும். அத்துறையில் ஆர்க்கைவில் எழுதிய ஒருவரை அவர் அறிந்திருக்க வேண்டும். வழிகாட்டி ஐ.ஐ.டி.யிலோ கணித அறிவியல் நிறுவனத்திலோ பயின்றவராக இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம். இல்லையென்றால் முன்பின் தெரியாதவருக்குக் கடிதம் எழுத வேண்டும். தபால் காலத்து முகவரிப் பட்டியல் வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

பெரிய தளங்களின் நெருக்கடியும் பொய்யல்ல. 2025 ஜூலையில் ஜப்பானின் நிக்கேய் இதழ், எட்டு நாடுகளின் 14 நிறுவனங்களிலிருந்து வந்த 17 ஆர்க்கைவ் கட்டுரைகளில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவும் கண்ணுக்குத் தெரியாத சிறு எழுத்தாகவும் கட்டளைகள் மறைக்கப்பட்டிருந்ததைக் கண்டது. மதிப்பிடும் இயந்திரமே, நல்லதாக மட்டும் எழுது என்பது அவற்றின் சாரம். சங்கப்பலகையிடமே சிபாரிசு கேட்ட கதை! அதே ஆண்டு அக்டோபர் இறுதியில், கணினியியல் பிரிவில் மறுஆய்வுக் கட்டுரைகளும் கருத்துநிலைக் கட்டுரைகளும் வேறெங்காவது நடுவர் மதிப்பீடு பெற்றிருந்தால்தான் ஏற்கப்படும் என்று ஆர்க்கைவ் அறிவித்தது. இயந்திரத்தால் எழுதப்பட்டவை குவிவதே காரணம். ஆய்விதழுக்கு முந்தைய வரைவுக்காகத் தோன்றிய தளம், சில வகைகளில் ஆய்விதழின் முத்திரையை முன்கூட்டிக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது.

ஆர்க்கைவில் மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் விரிவான விமர்சனக் குறிப்பு தருவது தளத்தின் வேலை அல்ல என்பது அதன் கொள்கை. வேறு வழி, ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்தும் செனோடோ போன்ற பொதுச் சேமிப்பகங்கள். அங்கே பரிந்துரை தேவையில்லை. கட்டுரைக்கு நிலையான எண்ணும் கிடைக்கும். துறையில் உள்ளவர்கள் காலையில் காப்பியோடு திறந்து பார்க்கும் அன்றைய பட்டியலில் மட்டும் அது வராது.